வடக்கே போகும் கப்பலில் வலப்பக்கத்து அறை

கடற்பிரயாணத்துக்குச் சீட்டு எடுக்க முற்படுகிறவர்கள், கப்பலின் பெயரையும் புறப்படும் தேதியையும் கட்டண விகிதங்களையும் தீர விசாரித்து முடித்த பிறகு, கடைசியாக ஒரு கேள்வியில் வந்து நிற்கிறார்கள்: பால்கனி வைத்த அறையைக் கப்பலின் இடப்பக்கத்தில் எடுப்பதா, வலப்பக்கத்தில் எடுப்பதா? கட்டணம் பெரும்பாலும் இரண்டு பக்கத்துக்கும் ஒன்றே. கட்டிலும் மேஜையும் கண்ணாடிக் கதவும் ஒன்றே. ஆகவே எந்தப் பக்கம் கிடைத்தாலும் சரிதான் என்று சீட்டு விற்பவர்கள் சமாதானம் சொல்லிவிடுகிறார்கள். இந்தச் சமாதானத்தை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. ஏறக்குறைய ஒரு வார காலம், விழித்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதியை, உலகத்தின் எந்தத் திசையைப் பார்த்தபடி உட்கார்ந்து கழிக்கப்போகிறோம் என்பதைத் தீர்மானிக்கிற விஷயம் அற்பமானதாக இருக்க நியாயமில்லை.

நடுச் சமுத்திரத்தைக் குறுக்காகக் கடந்து போகும் கப்பலில் இந்தக் கேள்விக்கு அதிக வேலை இல்லை. இரு புறமும் ஒரே நீர், ஒரே அடிவானம். கரையை ஒட்டிச் செல்லும் மார்க்கங்களில்தான் அது உயிர் பெறுகிறது. அப்படிப்பட்ட மார்க்கங்களுள், கனடாவின் மேற்குக் கரையிலுள்ள வான்கூவர் நகரத்தில் புறப்பட்டு, தீவுக் கூட்டங்களுக்கும் பெருநிலத்துக்கும் இடையே ஓடும் நீர்ப்பாதைகளின் வழியாக வடமேற்கு நோக்கி ஏறி, அலாஸ்காவின் கெச்சிக்கன், ஜூனோ, ஸ்காக்வே ஆகிய ஊர்களைத் தொட்டு, பனியாறுகள் நேரே கடலில் வந்து இறங்கும் கிளேஸியர் விரிகுடாவுக்குள் நுழைந்து வெளிப்பட்டு, பிறகு திறந்த வளைகுடாவைக் கடந்து, விட்டியர் என்ற சிறு துறைமுகத்தில் பிரயாணிகளை இறக்கிவிடும் ஒருவழிப் பிரயாணத்தைப்போல இந்த விசாரத்துக்கு ஏற்ற களம் வேறு எதுவும் எனக்குத் தெரியவில்லை. ஒரு ஜூன் மாதத்தில் நானும் என் மனைவியும் அந்த வழியே போனோம். வலப்பக்கத்தில் அறை கேட்டு வாங்கியிருந்தோம். ஏன் அப்படிக் கேட்டேன் என்பதை இங்கே சற்று விரிவாகவே சொல்ல உத்தேசம்.

அலாஸ்காவுக்குப் போய்வந்தவர்கள் சொல்லும் வழக்கமான யோசனை இது: வடக்கே ஏறும்போது வலப்பக்கம், தெற்கே இறங்கும்போது இடப்பக்கம். வட அமெரிக்கப் பெருநிலமும் அதன் மலைத்தொடர்களும் கிழக்கே இருப்பதால், வடமேற்கு நோக்கிப் போகும் கப்பலுக்கு அவை வலக்கைப் புறமாக அமைகின்றன. இந்த யோசனையில் உண்மை இருக்கிறது. ஆனால் அது பாதி உண்மைதான். வரைபடத்தை விரித்துவைத்துக்கொண்டு கப்பலின் பாதையை விரலால் தொடர்ந்து போனால், பிரயாணிகள் எந்த இடங்களைக் காண்பதற்கென்றே பணம் செலவழித்து வருகிறார்களோ, அந்த இடங்களில் பெரும்பாலானவை நம் ஊர் முட்டுச்சந்துகளைப்போல ஒரே வாயில் உடையவை என்பது புலப்படும். ஜூனோ நகரத்துக்குப் போகும் காஸ்டினோ கால்வாய், ஊரைத் தாண்டி வடக்கே போகப் போக ஆழம் குறைந்து, கடல் உள்வாங்கும் வேளையில் வெறும் சேற்றுத் திட்டாகிவிடுகிறபடியால், பெரிய கப்பல் எதுவும் அதை ஊடுருவி அப்பால் போக இயலாது. தெற்கு வாயில் வழியே வந்து, ஊருக்கு முன்னால் திரும்பி, வந்த வழியே வெளியேற வேண்டியதுதான். உள்ளே போகும்போது வலப்பக்கத்து அறைக்காரர்களுக்கு ஜூனோவின் மலைச்சரிவும், இடப்பக்கத்தாருக்கு டக்ளஸ் தீவும் கிடைக்கின்றன. வெளியே வரும்போது காட்சிகள் கைமாறிவிடுகின்றன. சாலை வழியாக வெளியூருக்குப் போக முடியாத ஒரு மாகாணத் தலைநகரத்தை இரண்டு பக்கத்தாரும் சமமாகவே பார்க்கிறார்கள்.

ஸ்காக்வேயும் அப்படித்தான். 1897-98-ஆம் ஆண்டுகளில் தங்கம் தேடிப் போனவர்கள் ஆயிரக்கணக்கில் வந்து இறங்கிய அந்த ஊர், சுமார் 90 மைல் நீளமுள்ள லின் கால்வாயின் வடகோடியில் இருக்கிறது. அதற்கு அப்பால் நீர் இல்லை. போன வழியேதான் திரும்ப வேண்டும். அங்கிருந்து வெள்ளைக் கணவாய்க்கு ஏறும் குறுகிய ரயில் பாதையிலும் எந்தப் பக்கம் உட்காருவது என்ற இதே கேள்வி எழுகிறது. ஏறும்போது பள்ளத்தாக்கும் ஆறும் இடப்பக்கம் தெரிவதால், எல்லாருக்கும் நியாயம் கிடைக்கும்பொருட்டு, உச்சியில் பிரயாணிகள் எழுந்து பக்கம் மாறி உட்காருவது நெடுநாளைய வழக்கமாக இருந்து வருகிறது. கப்பலில் அப்படி அறை மாற முடியாது; ஆனால் கால்வாயின் அமைப்பே பக்கத்தை மாற்றிக் கொடுத்துவிடுகிறது.

எல்லாவற்றிலும் பெரிய உதாரணம் கிளேஸியர் விரிகுடா. இதைப் பற்றிச் சில வார்த்தைகள் கூடுதலாகச் சொன்னால் வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஏனெனில், பூமியின் முகம் இரண்டு நூற்றாண்டுகளில் இத்தனை மாறிப்போனதை எழுத்து ஆதாரங்களோடு காட்டக்கூடிய இடங்கள் உலகத்தில் மிகச் சிலவே. 1794-ஆம் ஆண்டில் ஜார்ஜ் வான்கூவர் என்ற ஆங்கிலக் கடற்படை அதிகாரியின் கப்பல்களிலிருந்து படகில் வந்து கரையை அளந்தவர்கள் இந்த இடத்தில் விரிகுடா எதையும் காணவில்லை. கரையில் சுமார் 5 மைல் உள்வாங்கிய ஒரு குடைவையும் அதை அடைத்துக்கொண்டு நின்ற பிரம்மாண்டமான பனிச்சுவரையுமே கண்டார்கள். 1879-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில், டிலிங்கிட் இனத்தவர் செலுத்திய தோணியில் ஜான் ம்யூர் என்ற இயற்கை ஆராய்ச்சியாளர் அங்கே வந்து சேர்ந்தபோது, பனி 30 மைலுக்கு மேல் பின்வாங்கி, அவ்விடத்தில் கடல் புகுந்திருந்தது. இன்று கப்பல் வாயிலிலிருந்து கோடி வரையில் சுமார் 65 மைல் உள்ளே போகிறது. வான்கூவரின் காலத்துக்கு முன்பு இந்தப் பனி முன்னேறி வந்தபோது, பள்ளத்தாக்கில் குடியிருந்த ஹூனா டிலிங்கிட் மக்கள் வீடுகளை விட்டு வெளியேற நேர்ந்தது. விரிகுடாவுக்கு வெளியேயுள்ள நீரிணைக்கு அப்பால் ஹூனா என்ற ஊரில் குடியேறிய அவர்களுடைய சந்ததியாருக்காக, 2016-ஆம் ஆண்டில் விரிகுடாவின் வாயிலில் உள்ள பார்ட்லெட் கோவ் என்ற இடத்தில் ஒரு குலமனை எழுப்பப்பட்டிருக்கிறது.

உல்லாசப் பிரயாணிகளும் இங்கே நேற்று வந்தவர்கள் அல்லர். 1883-ஆம் ஆண்டில் காப்டன் ஜேம்ஸ் காரொல் என்பவர் 'ஐடஹோ' என்ற நீராவிக் கப்பலில் பிரயாணிகளை இந்த விரிகுடாவுக்குள் அழைத்துவந்தார். அவர்களில் ஒருவரான எலைஸா ஸிட்மோர் என்ற பெண்மணி தாம் கண்டவற்றை எழுதிப் புத்தகமாக வெளியிட்டார். வாஷிங்டன் நகரத்தில் ஜப்பானியச் செர்ரி மரங்களை நடவேண்டும் என்று பிற்காலத்தில் ஓயாமல் பாடுபட்டவரும் அவரே. அந்த நாளில் எவருக்கும் சொந்தப் பால்கனி கிடையாது. எல்லாரும் மேல்தளத்துக் கைப்பிடிக் கம்பியருகே ஒன்றாக நின்றுதான் பார்த்தார்கள். அறைதோறும் வெளிப்புறப் பார்வையும், பல அறைகளுக்குப் பால்கனியும் வைத்துக் கட்டிய 'ராயல் பிரின்சஸ்' 1984-ஆம் ஆண்டில்தான் கடலுக்கு வந்தது. நாம் விசாரிக்கிற கேள்வி அதற்குப் பிறகே சாதாரண மனிதரின் கேள்வியாயிற்று.

ஒரு நாளைக்கு இரண்டு பெரிய கப்பல்களுக்கு மேல் இந்த விரிகுடாவுக்குள் அனுமதிப்பதில்லை. தேசியப் பூங்காவின் காவலர்கள் சிறு படகில் வந்து, ஓடிக்கொண்டிருக்கும் கப்பலில் கயிற்றேணி வழியாக ஏறி, நாள் முழுவதும் உடனிருந்து ஒலிபெருக்கியில் விளக்கம் சொல்லுகிறார்கள். கோடியில், மார்ஜரி பனியாறு, நீர்மட்டத்துக்கு மேல் சுமார் 250 அடி உயரமும் ஒரு மைல் அகலமும் உள்ள சுவராக வந்து நிற்கிறது. அதன் பக்கத்திலேயே கிராண்ட் பசிபிக் பனியாறு, கல்லும் மண்ணும் போர்த்துக் கறுத்துப்போய், பனி என்று நம்ப முடியாத கோலத்தில் கிடக்கிறது. மார்ஜரி இருப்பது கப்பலின் இடக்கைப் புறம். வலப்பக்கத்து அறைக்காரர் நெஞ்சு பதைக்க வேண்டியதில்லை; காப்டன் கப்பலை நிறுத்தி, பக்கவாட்டு உந்துசுழலிகளை இயக்கி, நின்ற இடத்திலேயே மெல்ல மெல்லச் சுழற்றுகிறார். அரைமணி நேரம் ஒரு பக்கம், அரைமணி நேரம் மறுபக்கம் என்று காட்சி எல்லாருக்கும் பங்கிடப்படுகிறது.

அந்த ஒரு மணி நேரத்தில் அறைக்குள்ளேயே இருக்கவேண்டும் என்று நான் யாருக்கும் யோசனை சொல்லமாட்டேன். மேல்தளத்துக்குப் போய்விட வேண்டும். பனிச்சுவரிலிருந்து பாளம் உடைந்து விழுவதைக் காண விரும்புகிறவர்கள் காதை நம்பி இருந்தால் ஏமாந்துபோவார்கள். ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 1,100 அடி வேகத்தில்தான் வருகிறதாகையால், அரை மைலுக்கு அப்பால் நடக்கும் சம்பவத்தின் முழக்கம் நம்மை எட்டுவதற்குள் இரண்டு விநாடிக்கு மேல் ஆகிவிடுகிறது. சப்தம் கேட்டுத் தலையைத் திருப்புகிறவர் கண்ணில் படுவது, எழும்பித் தணியும் அலை மாத்திரமே. கண்ணை ஓரிடத்தில் நிறுத்திப் பொறுமையாகக் காத்திருக்கவேண்டும். முதலில் சரளைபோலச் சில துண்டுகள் சிந்தும். அந்த இடத்தைவிட்டுப் பார்வையை எடுக்கக்கூடாது. பிறகு ஒரு கோபுரம் அளவுக்குப் பாளம் சாய்ந்து, உடைந்த இடத்தில் கனத்த நீலநிறம் தோன்றும். காற்றுக் குமிழிகளெல்லாம் பன்னெடுங்கால அழுத்தத்தில் நசுங்கி இறுகிப்போன பனி, வெளிச்சத்தின் செந்நிறப் பகுதியை விழுங்கிவிட்டு நீலத்தையே நமக்குத் திருப்பிக் கொடுக்கிறது என்று விஞ்ஞானிகள் விளக்குகிறார்கள். மேகம் மூடிய நாளில் அந்த நீலம் இன்னும் ஆழ்ந்து தெரிகிறது.

ஆக, ஜூனோவிலும் ஸ்காக்வேயிலும் கிளேஸியர் விரிகுடாவிலும் பக்கம் எதுவாயினும் குறை இல்லை. துறைமுகங்களில் கப்பல் எந்தப் பக்கம் கரைக்கு இருக்கும்படி கட்டப்படும் என்பதோ காற்றையும் நீரோட்டத்தையும் பார்த்து அன்றன்று முடிவாகிறது. அதை நம்பி அறை எடுக்க முடியாது. அப்படியானால் பக்கம் எங்கேதான் பயன் தருகிறது? ஒரு வாயிலில் புகுந்து மறு வாயிலில் வெளியேறுகிற நீண்ட கால்வாய்களிலும், வான்கூவரிலிருந்து கெச்சிக்கன் வரையிலான முதல் இரண்டு பகல்களிலும், அலாஸ்கா வளைகுடாவை ஒட்டிச் செல்லும் திறந்த கடற்பகுதியிலும்தான். ஒலிபெருக்கியில் எவரும் விளக்கம் சொல்லாத, நிகழ்ச்சி நிரலில் பெயரே இல்லாத அந்த நேரங்கள்தாம் பிரயாணத்தின் பெரும்பகுதி. பால்கனி என்பது அந்த நேரங்களுக்காக ஏற்பட்டது.

அந்தக் கால்வாய்களில் இரு கரையிலும் காடு இருக்கிறது. இரு கரையிலும் அருவி விழுகிறது. தீவுகளின் பக்கம் பெருநிலத்தைவிட அழகில் தாழ்ந்தது என்று நான் சொல்லத் துணியமாட்டேன். என் மனத்தில் முடிவைத் தந்தது நிலம் அன்று; சூரியன்.

ஜூன் மாதத்தில் அந்த அட்சரேகையில் சூரியன் வடகிழக்கே உதித்து, தெற்கே தாழ்வாக ஒரு பெரிய வட்டம் சுற்றி, வடமேற்கே போய் மறைகிறது. பகல் 18 மணி நேரத்துக்கு மேல் நீடிக்கிறது. கப்பலின் முகம் வடமேற்கே. எனவே வலப்பக்கத்து அறைகள் வடகிழக்கையும் இடப்பக்கத்து அறைகள் தென்மேற்கையும் நோக்கியிருக்கின்றன. விடிந்து காலைப் பலகாரம் முடிகிறவரையில் சூரியன் வலப்பக்கத்தில் நிற்கிறது. முற்பகல் 11 மணி சுமாருக்கு அது கப்பலின் பின்புறத்தைக் கடந்து இடப்பக்கத்துக்குப் போனால், பிறகு இரவு ஒன்பது மணிக்கு மேலும் அங்கேயே இருக்கிறது. பிற்பகல் முழுவதும் இடப்பக்கத்துப் பால்கனிகளில் வெயில் சுகமாக விழுகிறது. ஆனால் அங்கே உட்கார்ந்திருப்பவர், சூரியனை எதிரே வைத்துக்கொண்டு, தம்மை நோக்கி நிழல் விழுகிற மலைகளைப் பார்க்கிறார். அவருக்குக் கிடைப்பது கறுத்த சரிவுகளும் கண் கூசும் நீரும். வலப்பக்கத்தில் இருப்பவரோ கப்பலின் நிழலில் உட்கார்ந்து, முழு வெளிச்சமும் முகத்தில் விழ நிற்கும் மலைகளைப் பார்க்கிறார். பாறையின் ஒவ்வொரு வெடிப்பும், காட்டின் பச்சையில் உள்ள பேதங்களும், பனி உருகி வழியும் நீர்க்கோடுகளும் அவருக்குத் துலக்கமாகத் தெரிகின்றன. எந்தப் பக்கத்தில் காட்சி இருக்கிறது என்று கேட்பதைவிட, காட்சியின்மேல் எந்தப் பக்கத்தில் வெளிச்சம் விழுகிறது என்று கேட்பதே சரியான கேள்வி என்பது என் திடமான அபிப்பிராயம்.

நிழலுக்காகப் பக்கம் பார்த்து அறை எடுப்பது கடற்பிரயாண சரித்திரத்தில் பழைய வழக்கம். குளிர்சாதனம் இல்லாத நாளில், இங்கிலாந்திலிருந்து சூயஸ் வழியாகப் பம்பாய்க்கும் கொழும்புக்கும் வந்த கப்பல்கள் செங்கடலில் தென்கிழக்காக இறங்கும்போது, பிற்பகல் வெயில் வலப்பக்கத்து இரும்புச் சுவரைக் காய்ச்சி எடுத்தது. அதனால் வரும்போது இடப்பக்கத்து அறைக்கும், திரும்பிப் போகும்போது வலப்பக்கத்து அறைக்கும் விருப்பம் அதிகம். மேற்படிப்புக்காகச் சீமைக்குப் போன நம்மவர்களும் செங்கடலின் உக்கிரத்தை அறிந்தவர்களே. செங்கடலில் உடம்பைக் காப்பாற்றிக்கொள்ள நிழல் தேடினார்கள்; அலாஸ்காவில் கண்ணுக்காக நிழலைத் தேடவேண்டியிருக்கிறது.

நாங்கள் வான்கூவரை விட்டுப் புறப்பட்டது மாலை நேரம். ஜார்ஜியா நீரிணையில் கப்பல் வடமேற்காகத் திரும்பியதும், மேற்கேயிருந்து வந்த சாய்ந்த வெயில் எங்களுடைய பக்கத்துக் கரையோர மலைகளின்மேல் விழுந்து, இரவு உணவுக்கு மணி ஆனதையே மறக்கச் செய்துவிட்டது. அன்று பின்னிரவில் ஸீமோர் நெருக்கைக் கடந்தோம். அங்கே நீரோட்டம் சில வேளைகளில் 15 நாட் வேகத்தைத் தொடுகிறபடியால், ஓட்டம் தணிந்து நிற்கும் நேரத்தைக் கணக்கிட்டே கப்பல்கள் அதனுள் நுழைகின்றன. முன்பு அதன் நடுவே நீருக்கடியில் ரிப்பிள் ராக் என்ற இரட்டைப் பாறை மறைந்திருந்து, நூற்றுக்கு மேற்பட்ட கப்பல்களுக்கும் படகுகளுக்கும் சேதம் விளைவித்தது; பக்கத்துத் தீவிலிருந்து கடலுக்கடியில் சுரங்கம் குடைந்து, அணுசக்தி சம்பந்தப்படாத வெடிப்புகளில் மிகப் பெரியவற்றுள் ஒன்று என்று எண்ணப்படும் வெடியை வைத்து, 1958-ஆம் ஆண்டு ஏப்ரல் 5-ஆம் தேதி அதன் தலையைத் தகர்த்தார்கள். கப்பல்கள் அதைக் கடப்பது பெரும்பாலும் இருட்டில் என்பதால், இந்த இடத்துக்கும் பக்கம் பார்க்க வேண்டியதில்லை.

மறுநாள் பிற்பகல் ஒரு குறுகலான கால்வாயில் போய்க்கொண்டிருந்தோம். என் மனைவி சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு பால்கனிக்கு வந்தாள்.

"ஏங்க, இந்தக் குளிர்ல வெயிலே படாத பக்கமாப் பார்த்து எடுத்திருக்கீங்களே. எதிர்ப்பக்கத்துல எல்லாரும் வெயில் காஞ்சிட்டு இருக்காங்க."

"அவங்க மேல வெயில் விழுது. நம்ம பக்கத்துல மலை மேல விழுது. நீயே பாரு."

அவள் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு கையை நீட்டி, "அந்த மரத்து உச்சியில வெள்ளையா ஏதோ இருக்கே, அது என்ன?" என்று கேட்டாள். தொலைநோக்கியை வாங்கிப் பார்த்தேன். வெண்தலைக் கழுகு ஒன்று, சிட்கா ஸ்ப்ரூஸ் மரத்தின் நுனியில் அசையாமல் உட்கார்ந்திருந்தது. உடம்பெல்லாம் கரும்பழுப்பாக இருந்தபடியால் காட்டோடு காடாகக் கலந்துவிட, தலை மாத்திரம் வெயிலில் பளிச்சென்று தெரிந்தது. அந்தப் பறவைக்கு நாலைந்து வயது ஆகும் வரையில் தலை வெளுப்பதில்லை. ஆகையால் கரையோர மரங்களில் நம் கண்ணுக்குத் தெரியும் ஒவ்வொரு வெள்ளைப் புள்ளியும் வளர்ந்த கழுகு ஒன்றே. வெள்ளைப் புள்ளியைத் தேடுவது எப்படி என்று தெரிந்துகொண்ட பிறகு என் மனைவி அன்று மாலைக்குள் எத்தனையோ கழுகுகளைக் கண்டுபிடித்துவிட்டாள். குளிர் பொறுக்காமல் போகும்போதெல்லாம் மேல்தளத்தின் இடப்புறத்துக்குப் போய் வெயிலில் நின்றுவிட்டு வருவாள். இதுவும் நல்ல ஏற்பாடுதான்: வெயிலுக்குப் பொதுத்தளம் போதும், காட்சிக்குத்தான் சொந்தமாக ஓர் இடம் வேண்டியிருக்கிறது. வயது முதிர்ந்தவர்களும், குளிரினால் உபாதைப்படுகிறவர்களும், நாளின் பெரும்பொழுதை அறையிலேயே கழிக்கவேண்டியவர்களும் இடப்பக்கத்தைத் தேர்ந்தெடுத்தால் அதில் தவறு காண மாட்டேன்.

அலாஸ்காவின் தென்கிழக்குப் பகுதியில் மழையும் மேகமுமான நாட்களே அதிகம் என்பதையும் சொல்லாமல் விட முடியாது. கெச்சிக்கனில் ஆண்டுக்கு 140 அங்குலத்துக்கு மேல் மழை பெய்கிறது. அப்படிப்பட்ட நாட்களில் வெளிச்சத்தைப் பற்றிய என்னுடைய வாதம் ஓய்ந்துவிடுகிறது; மலையின் இடுப்பளவுக்கு மேகம் இறங்கி, இரு பக்கமும் ஒரே சாம்பல் நிறமாகிவிடும். அப்போது பயன் தருவது அண்மை ஒன்றே. எந்தக் கரை கப்பலுக்கு அருகே வருகிறதோ அந்தக் கரையின் பக்கத்தில் உள்ளவருக்குக் காடும், பாசி தொங்கும் கிளைகளும், ஒருவேளை நீரோரத்தில் கல்லைப் புரட்டி இரை தேடும் கரடியும் கிடைக்கக்கூடும். திமிங்கிலங்களுக்கோ பக்கபேதமே கிடையாது. குளிர்காலத்தை ஹவாய்க் கடலில் கழித்துவிட்டு இரை தேடி இங்கே வரும் கூன்முதுகுத் திமிங்கிலங்கள், நினைத்த இடத்தில் மேலே வந்து மூச்சு விடுகின்றன. அவை தென்படும் திசையைக் கடிகார முகத்தை வைத்துச் சொல்வது கப்பல் வழக்கம். அணியம், அதாவது கப்பலின் முன்முனை, பன்னிரண்டு மணி. இரண்டு மணித் திசை என்றால் வலப்பக்கத்தார் எழுந்து நிற்க வேண்டும். பத்து மணித் திசை என்றால் இடப்பக்கத்தார். மற்றவர்கள் நடைக்கூடத்தில் ஓடிப் போய்ச் சேருவதற்குள் திமிங்கிலம் முதுகை வளைத்து, வாலை உயர்த்தி, ஆழத்துக்குப் போய்விடுகிறது.

பக்கத்தை முடிவு செய்த பிறகு கவனிக்கவேண்டிய சில சில்லறை விஷயங்கள் உண்டு. கம்பெனி தருகிற தள வரைபடத்தில் அணியம் மேலே இருக்கிறதா, இடக்கோடியில் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இட வலம் நிர்ணயிக்க வேண்டும். ஒற்றைப்படை எண் இந்தப் பக்கம், இரட்டைப்படை எண் அந்தப் பக்கம் என்ற வழக்கம் கம்பெனிக்குக் கம்பெனி மாறுகிறது. உயிர்காப்புப் படகுகள் தொங்கும் தளத்துக்கு நேர் மேலே உள்ள பால்கனிகளிலிருந்து குனிந்து பார்த்தால் கடலுக்குப் பதிலாகப் படகின் கூரைதான் தெரியும். அமரத்தில், அதாவது பின்முனையில் உள்ள அறைகளுக்கு இரு கரைகளும் கிடைக்கின்றன என்றாலும், இயந்திர அதிர்வும் சிற்சில வேளை புகைக்கரியும் உடன் கிடைக்கின்றன. நடுக்கப்பலில் ஆட்டம் குறைவு. குவீன் ஷார்லட் கடற்பரப்பிலும் அலாஸ்கா வளைகுடாவிலும் தீவுகளின் மறைப்பு நீங்கி, பசிபிக் அலைகள் நேரே வந்து மோதும்போது இதன் அருமை தெரியும். அறை எண்ணைக் கம்பெனியே பின்னால் ஒதுக்கித் தரும் என்று சொல்லி, கட்டணத்தைக் குறைத்துக் கொடுக்கும் சீட்டுகளில் பக்கத்தைக் கேட்கும் உரிமை இல்லை. இந்த மார்க்கத்தில் அந்தச் சிக்கனத்தை நான் சிபாரிசு செய்யவில்லை. கப்பலுக்குள் போன பிறகு திசை தடுமாறுகிறவர்களுக்காக, சில கப்பல்களில் நடைக்கூடத்துக் கம்பளத்தில் மீன்களை நெய்து, அவை யாவும் அணியத்தை நோக்கி நீந்துவதாக அமைத்திருக்கிறார்கள். அமெரிக்காவின் ஸியாட்டிலில் புறப்பட்டு ஸியாட்டிலுக்கே திரும்பும் கப்பல்களில் போகிறவர்கள் இந்த ஆராய்ச்சியில் இறங்கவேண்டிய அவசியம் குறைவு. அவற்றில் பல வான்கூவர் தீவுக்கு மேற்கே திறந்த கடல் வழியாகப் போய், ஏறக்குறைய அதே தடத்தில் திரும்பிவிடுகின்றன.

வலப்பக்கத்து அறைக்கு நான் கொடுத்த மதிப்பு முழுவதையும் ஒரே மாலையில் திருப்பிப் பெற்றேன் என்று சொல்லவேண்டும். கிளேஸியர் விரிகுடாவை விட்டுப் பிற்பகலில் வெளியே வந்த கப்பல், மேற்காகப் போய், திறந்த கடலை அடைந்து, வடமேற்கே திரும்பியது. அதுவரையில் கரைகளுக்கு நடுவே போய்ப் பழகியவர்களில் அநேகர், இனிப் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை என்று நாடகசாலைக்கும் உணவுக்கூடத்துக்கும் போய்விட்டார்கள். இடப்பக்கத்தில் கடலைத் தவிர ஒன்றும் இல்லை என்பது வாஸ்தவம். வலப்பக்கத்தில் ஃபேர்வெதர் மலைத்தொடர் இருந்தது. 1778-ஆம் ஆண்டில் காப்டன் குக் இந்தக் கரையோரமாகப் போனபோது கண்டு ஃபேர்வெதர் என்று பெயரிட்ட சிகரம், 15,325 அடி உயரம்; கடலோரத்திலிருந்து 15 மைலுக்குள்ளேயே அவ்வளவு உயரத்துக்கு எழுந்து நிற்கிறது. இமயமலையின் சிகரங்கள் இதைவிட எவ்வளவோ உயர்ந்தவை ஆயினும், அவற்றைப் பல்லாயிரம் அடி உயரத்தில் நின்றுகொண்டே அண்ணாந்து பார்க்கிறோம். இங்கே பார்க்கிறவன் நிற்கும் இடம் கடல்மட்டம். அடியிலிருந்து உச்சிவரை ஒரு மலையை முழுசாகப் பார்க்கும் அனுபவம் எனக்கு அதற்கு முன் வாய்த்ததில்லை.

மணி ஒன்பதுக்கு மேல் ஆகியும் வெயில் இருந்தது. வானம் அன்று துடைத்துவிட்டதுபோல் நிர்மலமாக இருந்ததால், எங்களுக்கு முன்னே வடமேற்கில் தாழ்ந்துகொண்டிருந்த சூரியனின் ஒளி, தடை ஏதும் இல்லாமல் சமுத்திரத்தைக் கடந்து மலைத்தொடரின் மேற்கு முகத்தில் பட்டது. முதலில் பனிப்பரப்பு முழுவதும் மஞ்சள் பூத்தது. பிறகு பள்ளங்களில் நீலநிழல் நிரம்ப, முகடுகள் மாத்திரம் செம்மை கொண்டன. சூரியன் அடிவானத்துக்குக் கீழே போன பிறகும், அடிவாரத்துக் காடு இருண்டு கரையோடு ஒன்றாகிவிட்ட பிறகும், உச்சியில் மட்டும் அந்தச் செம்மை வெகுநேரம் தங்கியிருந்தது. என் மனைவிக்குக் குளிர் மறந்துவிட்டது. பக்கத்துப் பால்கனியில் தடுப்புக்கு அப்பால் முகம் தெரியாத ஒருவர் தம் மொழியில் யாரையோ உரக்கக் கூப்பிட்டு வெளியே வரச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்தச் சிகரங்களின் அடியில், கடலிலிருந்து பார்த்தால் கரையில் ஒரு சிறு பிளவாக மட்டுமே தோன்றும் லிட்டூயா விரிகுடா இருக்கிறது. ரிப்பிள் ராக் தகர்க்கப்பட்ட அதே 1958-ஆம் ஆண்டில், ஜூலை 9-ஆம் தேதி இரவு, பூகம்பத்தினால் மலைச்சரிவு ஒன்று அப்படியே பெயர்ந்து அதன் நீரில் விழ, எதிர்க்கரையில் தண்ணீர் 1,720 அடி உயரம்வரை ஏறிக் காட்டை வேரோடு வழித்துக்கொண்டு போயிற்று. அன்று அங்கே தங்கியிருந்த மூன்று மீன்பிடிப் படகுகளில் ஒன்று ஆட்களோடு மூழ்கிற்று. மனிதர் கணக்கிட்டு வைத்த வெடியையும், மலை தானாக உதறிய பாறையையும் மூன்று மாத இடைவெளியில் கண்ட கடற்கரை அது. அந்தி ஒளியில் அவ்வளவு அமைதியாகத் தெரிந்த சரிவுகளைப் பார்க்கும்போது இந்தச் செய்தி எனக்கு மீண்டும் மீண்டும் நினைவுக்கு வந்தது.

கடைசி நாளில் கப்பல் காலேஜ் ஃபியர்டு என்னும் குறுகிய கடல்நுழைவுக்குள் போயிற்று. 1899-ஆம் ஆண்டில் ஹாரிமன் என்ற ரயில்வே அதிபர் திரட்டிய விஞ்ஞானக் குழு அங்குள்ள பனியாறுகளுக்கு அமெரிக்கக் கீழ்க்கரைக் கல்லூரிகளின் பெயர்களைச் சூட்டியது. மேற்குச் சரிவில் வரிசையாக இறங்குபவை ஸ்மித், பிரின் மார், வாஸர், வெல்ஸ்லி என்ற பெண்கள் கல்லூரிகளின் பெயர் கொண்டவை. ஆகவே உள்ளே நுழையும்போது அந்த வரிசை இடப்பக்கத்தாருக்கு. கோடியில் ஹார்வர்டு பனியாற்றைக் கண்டு திரும்பும்போது வலப்பக்கத்தாருக்கு. இதுவும் ஒரே வாயில் உடைய இடம். பொறுமையாக இருந்தால் எல்லாம் வந்து சேருகின்றன.

விட்டியரில் இறங்கி ஆங்கரேஜுக்குப் போகும் ரயிலில் ஏறியதும் நான் இடப்பக்கத்து ஜன்னலைக் கேட்டு வாங்கினேன். மலையைக் குடைந்த இரண்டரை மைல் சுரங்கத்தை விட்டு வெளியே வந்து போர்ட்டேஜைத் தாண்டினால், பாதை டர்னகெயின் என்ற கடற்கழியின் வடகரையை ஒட்டியே போகிறது. காலைச் சூரியன் எங்களுக்கு வலப்புறத்து மலைகளுக்குப் பின்னால் இருந்தது. அதன் வெளிச்சம் கழிக்கு அப்பாலுள்ள தென்கரை மலைகளின்மேல் விழுந்திருந்தது. 1964-ஆம் ஆண்டின் பெரும் பூகம்பத்தில் இந்தப் பகுதி நிலம் பல அடி தாழ்ந்து, உப்புநீர் புகுந்து வேர்களைக் கொன்றுவிட, அன்று மாண்ட மரங்கள் இன்னும் இலையில்லாமல் வெளுத்து நின்றுகொண்டிருக்கின்றன. அவற்றை ரயிலின் வலப்பக்கத்தில் இருந்தவர்களும் எழுந்து வந்து எங்கள் தோளுக்குமேல் எட்டிப் பார்த்தார்கள். நாங்கள் ஒதுங்கி இடம் கொடுத்தோம். வலப்புறத்துப் பாறைகளில் டால் என்ற வெள்ளை மலையாடுகள் சில நிற்பதாக அவர்கள் சொல்ல, சிறிது நேரம் கழித்து நாங்களும் எழுந்து அந்தப் பக்கம் போனோம்.